சாத்தே கடையில் இரண்டாவது சட்டி

1

ஒரு மண்சட்டி அடிப்பிடித்துப் போனதைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். கடல் தாண்டி வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன ஒருவனுக்கு இதைவிடப் பெரிய விஷயம் கிடைக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். ரப்பர் விலை விழுந்தது, தோட்டங்களில் ஆள் குறைக்கிறார்கள், நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்புகிறார்கள் என்பதெல்லாம் உங்கள் பத்திரிகைகளிலேயே வந்துவிடுகிறது. சட்டி கருகிய செய்தி எதிலும் வராது. அதனால் நான் எழுதுகிறேன்.

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் என்று ஒரு பகுதி. ரயில்வேக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள் முடிந்து, தண்டவாளம் தெருவைக் குறுக்கே கடக்கிற இடத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. அதன் அடியில்தான் சாத்தே கடை. ஆட்டுக்கறியையோ கோழிக்கறியையோ சின்னச் சின்னதாக நறுக்கி, மஞ்சளும் மல்லியும் சேர்த்த மசாலாவில் ஊறவைத்து, தென்னை ஈர்க்கில் கோத்து, நீளமான தகர அடுப்பில் கரி நெருப்பின் மேல் வாட்டுவார்கள். நம் ஊரில் விளக்குமாற்றுக்குப் போகிற அதே ஈர்க்குதான். வாட்டும்போது செராய் என்கிற வாசனைப் புல்லின் தண்டை நுனியில் நசுக்கி, தேங்காய் எண்ணெயில் தோய்த்துக் கறியின் மேல் தடவுவார்கள். அந்தப் புகை மூன்று தெருவுக்குப் போகும். கிருத்திகை விரதம் இருப்பவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள்.

கறி பாதிதான். மீதிப் பாதி குழம்பு. வறுத்த மணிலாக்கொட்டையை இடித்து, மிளகாயும் புளியும் வெல்லமும் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சியது. இந்தக் கடையில் தட்டும் கிடையாது, இலையும் கிடையாது. தாழ்வான பலகையின் நடுவே, கங்கு அடுப்பின் மேல் ஒரே சட்டி. சுற்றிலும் குட்டை முக்காலிகள். மலாய்க்காரர், சீனர், பஞ்சாபிக் காவல்காரர், நாம், யார் வந்தாலும் உட்கார்ந்து அதே சட்டியில் ஈர்க்கை முக்கிச் சாப்பிட வேண்டியதுதான். சட்டியைக் கிண்டுவதற்கென்று தனியாகக் கரண்டிகூட இல்லை. முக்குகிறவர்களின் ஈர்க்குகளே ஓயாமல் கிண்டிக்கொண்டிருக்கும்.

மாட்டுக்கறி இருக்குமோ என்று முகம் சுளிக்க வேண்டாம். தமிழர்கள் குடியிருக்கும் இடத்தில் கடை போடுகிறோம் என்று தெரிந்தே, கடையைத் தொடங்கிய வாக் சாலே முதல் நாளிலிருந்து மாட்டை விலக்கிவிட்டார். வாக் என்றால் ஜாவாக்காரர்களிடையே பெரியவருக்குச் சொல்லும் மரியாதைச் சொல். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது கடையை நடத்துவது அவர் மகள் மாக் மினா. மாக் என்றால் அம்மா. அவள் கணவன் புகைக்குப் பின்னால் உட்கார்ந்து ஓலை விசிறியால் விசிறிக்கொண்டே இருப்பான். அவன் முகத்தை முழுசாகப் பார்த்தவர்கள் குறைவு.

2

இந்தக் கடைக்கு என்னை முதலில் கொண்டுவந்தது பசி. கூட வந்தவன் சின்னப்பன்.

நானும் சின்னப்பனும் ஒரே ஊர். ஒரே ஊர் என்று சொல்வது பாதி உண்மைதான். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு. அந்தப் பக்கம் அவர்கள் சேரியும் ஒரு சின்ன மாதா கோயிலும். இரண்டு பேருக்கும் ஒரே வயது. இருந்தும் அவன் என்னைச் “சாமி” என்று கூப்பிடுவான், நான் அவனை “டேய்” என்று கூப்பிடுவேன். மீசை முளைக்காத பயலைச் சாமி என்று கூப்பிடுவது இரண்டு பேருக்குமே விசித்திரமாகப் படவில்லை. நாகப்பட்டினத்தில் ஒரே கப்பலில் ஏறினோம் என்பதுகூட, ஏறி இரண்டு நாள் கழித்து, நான் வாந்தி எடுத்துக் கிடந்தபோது அவன் தண்ணீர் கொண்டுவந்து தூரத்தில் வைத்துவிட்டுப் போனதில்தான் தெரிந்தது.

ரவாங் பக்கத்தில் ரயில் பாதை வேலையில் போட்டார்கள். தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற கட்டை இருக்கிறதே, அதை ஒருவன் தூக்க முடியாது. இந்த முனையை ஒருவன், அந்த முனையை ஒருவன் பிடிக்க வேண்டும். மேஸ்திரி எங்கள் இரண்டு பேரையும் உயரம் பார்த்து ஜோடி சேர்த்தார். ஜாதி பார்க்க அவருக்கு நேரமில்லை. ஒருவன் முனையைத் தாழ்த்தினால் மற்றவன் காலில் விழும். அதனால் “இப்ப தூக்கு”, “மெதுவா”, “விடாதே” என்று நாள் முழுக்கப் பேசியாக வேண்டும். அந்தப் பேச்சில் சாமி என்ற சொல்லைச் செருக இடம் இல்லை. அது எங்கோ ரவாங் காட்டில் விழுந்துவிட்டது.

முதல் விடுமுறையில் ரயிலேறிக் கோலாலம்பூர் பார்க்க வந்தோம். கோயிலுக்கு நான், மாதா கோயிலுக்கு அவன் என்று பிரிந்து போய், சாயங்காலம் திரும்பச் சந்தித்தபோது அந்தப் புகை வந்தது. அப்போது வாக் சாலேக்குக் கடை என்று ஒன்றும் இல்லை. காவடி மாதிரி தோளில் ஒரு கம்பு. ஒரு முனையில் அடுப்பு, மறு முனையில் குழம்புச் சட்டி. நிழல் கண்ட இடத்தில் இறக்கி வைப்பார். அன்றைக்கு இதே மரத்தடியில் இறக்கி வைத்திருந்தார்.

நான் உட்கார்ந்தேன். சின்னப்பன் உட்காரவில்லை. தண்டவாளத்தின் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

“சாமி சாப்பிடுங்க. நான் அப்புறமா வரேன்” என்றான்.

வேலை செய்யும் இடத்தில் விழுந்த சொல், சாப்பிடும் இடத்தில் எழுந்து வந்துவிட்டது. வாக் சாலேக்கு இதெல்லாம் என்ன தெரியும்! “டூடோ, டூடோ” என்று கத்தினார். உட்கார் என்று அர்த்தம். பிறகு எழுந்து போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்து, எனக்குப் பக்கத்து முக்காலியில் அழுத்தி உட்காரவைத்து, கையில் இரண்டு ஈர்க்கைத் திணித்தார். சின்னப்பன் என்னைப் பார்த்தான். பிறகு சட்டியில் முக்கினான்.

அந்த நேரத்தில் எனக்குள் பெரிய ஞானோதயம் உண்டானது என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. அகோரப் பசி. அவன் ஈர்க்கு உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் பார்த்தேன், என் ஈர்க்கை முக்கினேன், கடித்தேன். ருசி தலைக்கு ஏறிவிட்டது. கடித்த ஈர்க்கை மறுபடி சட்டிக்குக் கொண்டுபோனேன். பளீர் என்று விரல் முட்டியில் ஒரு அடி! வாக் சாலே கையில் இருந்த செராய்த் தண்டு, சுடச்சுட எண்ணெயோடு.

முதலில் முக்கு, பிறகு கடி, கடித்தது சட்டிக்குள் போகக்கூடாது. இதை அவர் ஜாடையில் மூன்று தடவை செய்து காட்டினார். இன்னும் குழம்பு வேண்டுமானால் வெள்ளரித் துண்டைப் புது ஈர்க்கில் குத்தி அள்ளிக்கொள்ள வேண்டுமாம். சின்னப்பன் முதலிலிருந்தே சரியாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என் முட்டி சிவந்ததைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் முகத்துக்கு நேராக அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பொதுச் சட்டியை எச்சில் பண்ணப் பார்த்தவன் யார் என்று கவனித்துக்கொள்ளுங்கள்.

அதிலிருந்து நாங்கள் கப்பல் இறங்கிய நாள் வருஷா வருஷம் வரும்போது அந்த மரத்தடியில் உட்காருவது வழக்கமாயிற்று. பிறகு நான் நாலு எழுத்துப் படித்து ரயில்வே சரக்குக் கொட்டகையில் குமாஸ்தா ஆனேன். அவன் செந்தூல் ரயில் பட்டறையில் கொதிகலன் வேலைக்குப் போனான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பாத்திரத்தில் கை வைக்கிற இடம் அது ஒன்றுதான். என் வீட்டில் அவனுக்குத் தனித் தட்டு. அது என் மனைவியின் ஏற்பாடு. இரண்டு தடவை சண்டை போட்டுப் பார்த்தேன். இரண்டு தடவையும் எனக்கே சாப்பாடு இல்லாமல் போயிற்று.

3

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். காலையில் பட்டறைச் சங்கு ஊதினால் எழுந்திருக்க வேண்டும். சரக்குக் கொட்டகையில் ஈய மூட்டை, ரப்பர் தகடு, கிள்ளானிலிருந்து வரும் கருவாட்டுக் கூடை. மழை இல்லாத சாயங்காலம் கிடையாது. துணி காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். துரைக்கு இங்கிலீஷ், சுமை தூக்குகிறவர்களுக்கு மலாய், கணக்குக்கு இங்கிலீஷ், திட்டுவதற்கு மட்டும் தமிழ்.

என் மகள் கமலத்துக்கு அந்தத் திட்டுத் தமிழ்கூட அரைகுறை. கன்னிகா ஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் படித்தாள். என்னோடு பேசுவதைவிட மாக் மினாவோடு மலாயில் சரளமாகப் பேசுவாள். சின்ன வயதில் என் விரலைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வருவாள். போன வருஷம் பெரியவளானதிலிருந்து அம்மா வெளியே விடுவதில்லை. அவளுக்கு நான் வாழையிலையில் கட்டிக்கொண்டு வந்து கொடுக்கிறேன். குழம்பு ஆறிப்போயிருக்கும். “சட்டியில முக்கிச் சாப்பிடுற மாதிரி இல்லேப்பா” என்பாள். எனக்கு என்னவோ மாதிரி இருக்கும்.

அவளுக்குத் தாய்மாமன் சீர் செய்யத்தான் என் மனைவியின் தமையன் நடேசன் ஊரிலிருந்து கப்பலேறி வந்தார். பட்டுப் புடவை, வெற்றிலை, மஞ்சள், கப்பல் காற்றில் நமுத்துப்போன ஒரு டின் முறுக்கு. அந்த முறுக்கை வாயில் போட்டுவிட்டு என் மனைவி அழுத அழுகை! மச்சான் நல்ல மனிதர். என் அப்பா தவறியபோது நான் போக முடியவில்லை. காரியத்துக்கு வேண்டியதை எல்லாம் ஓடியாடிச் செய்தவர் அவர்தான். அவர் வந்த பிறகு சாயங்காலமானால் நான் அவரை விடமாட்டேன். ஆற்றில் இந்த வருஷம் எப்போது தண்ணீர் வந்தது, மதகடி ஆலமரம் இருக்கிறதா, தேர் எந்த முக்கில் சிக்கிக்கொண்டது என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அவர் சொல்லச் சொல்ல என் நெஞ்சு நிறையும்.

ஊரை அவர் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பதிலுக்கு என்னிடம் இருக்கும் நல்லதை அவருக்குக் காட்ட வேண்டாமா? ஒரு நாள் சாத்தே கடைக்கு அழைத்துப் போனேன்.

“அடடா, என்ன வாசனை மாப்ளே!” என்று உட்கார்ந்தார். மலாய்க்காரர்கள் சமைத்தது என்பதில் அவருக்கு ஒரு தடையும் இல்லை. “துருக்கர் கைதானே. அதுக்குத் தோஷம் கிடையாது” என்றார். முதல் ஈர்க்கை முக்கி வாய்க்குக் கொண்டுபோகிற சமயத்தில் சின்னப்பன் வந்தான். பட்டறைக் கரியைக் குழாயடியில் கழுவிவிட்டு, வழக்கமான முக்காலியில் உட்கார்ந்து, சட்டியில் முக்கினான்.

மச்சானின் கை வழியிலேயே நின்றுவிட்டது. அவனை உற்றுப் பார்த்தார்.

“இவன் வாய்க்காலுக்கு அந்தாண்ட இருந்த அருளப்பன் மவன் இல்ல?” என்று என்னிடம் கேட்டார்.

“ஆமா மச்சான். சின்னப்பன்.”

ஈர்க்கைப் பலகையில் வைத்துவிட்டு எழுந்தார். சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய், தலைவலி என்று படுத்துவிட்டார்.

4

மறு வாரம் கடைக்குப் போனால் பலகையில் இரண்டு சட்டி!

மச்சான் கோயிலில் தமக்கு ஒத்த கருத்துள்ள நாலைந்து பேரைப் பிடித்துவிட்டார். எல்லாரும் சேர்ந்து புதுச் சட்டி ஒன்று வாங்கிக் கொண்டுவந்து, எங்கள் ஆட்களுக்கு இது தனி, வேறு யாரும் இதில் முக்கக்கூடாது என்று மாக் மினாவிடம் சொல்லிவிட்டார்கள். பலகையின் தெற்கு ஓரத்தில் தனி அடுப்பு, தனி முக்காலிகள். சாத்தேயின் ருசி மட்டும் மச்சானை விடவில்லை பாருங்கள். தினமும் அங்கேதான் இருந்தார்.

“என்ன மாக் மினா, நீ எப்படி இதுக்கு ஒத்துக்கிட்டே?” என்று கேட்டேன். என் கோபம் அவளுக்குப் புரியவில்லை.

“பந்தாங் சொன்னாங்கலா” என்று, தெரிந்த தமிழோடு மலாய் ‘லா’வை ஒட்டிச் சொன்னாள். “பந்தாங்னா மதிக்கணும்.”

பந்தாங் என்றால் மலாய்க்காரர்களிடையே விலக்கு. பிள்ளை பெற்றவள் இன்னது சாப்பிடக்கூடாது, நோய் கண்டவன் இன்னாரோடு சேரக்கூடாது என்று நாள் கணக்கு வைத்து அனுசரிப்பார்கள். நாள் முடிந்ததும் குளித்துவிட்டு எல்லாரோடும் சேர்ந்துகொள்வார்கள். இவர்களுக்கும் ஏதோ அப்படி ஒன்று என்று அவள் நினைத்துவிட்டாள்.

“பாவம், எத்தன நாள் பந்தாங்?” என்று அக்கறையாகக் கேட்டாள்.

எங்கள் பந்தாங்குக்கு முடிவு நாள் கிடையாது என்பதைச் சொல்ல எனக்கு மலாய் போதவில்லை. தெரிந்திருந்தாலும் வெட்கம் சொல்லவிட்டிருக்காது.

வீட்டில் இந்தப் பேச்சு வந்தபோது கமலம், “ரெண்டு சட்டியிலயும் ஒரே குழம்புதானே மாமா?” என்று கேட்டாள். மச்சான் அவள் தலையைத் தடவி, “ஊருக்கு வந்தா உனக்கு எல்லாம் புரியும்மா” என்றார். அவளுக்குப் புரியவே வேண்டாம் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

சின்னப்பன் அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை வந்தான். இரண்டு சட்டியையும் பார்த்தான். தெற்கு ஓரத்து முக்காலிகளில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தான். யாரும் அவனுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சாப்பிடாமல் திரும்பிப் போய்விட்டான்.

5

அந்தச் சமயம் பார்த்துப் பட்டறையில் ஆள் குறைத்தார்கள். சின்னப்பன் பெயரும் அதில் இருந்தது. வேலை போனவர்களுக்குச் சர்க்கார் இலவசமாகக் கப்பலேற்றிவிடுகிறது. அதற்கு ஒரு ஆபீஸ், ஒரு வரிசை, மறுநாள் வா என்று சொல்ல ஒரு குமாஸ்தா. சின்னப்பன் இங்கிலீஷில் கையெழுத்துப் போடுவான். ஆனால் திரும்பிப் போகிறவர்கள் எல்லாரும் பெருவிரல்தான் பதிக்க வேண்டும் என்று பிடிவாதமாக மை தடவிவிட்டார்கள். நீல விரலோடு வந்து என்னிடம் சொன்னான்.

அவனுக்கு இங்கே யாரும் இல்லை. மனைவி செத்துப்போய் வெகு காலம் ஆகிறது. பிள்ளை இல்லை. ஊரில் ஒரு தம்பி இருக்கிறான்.

“என் வீட்டுல இருடா. வேலை திரும்பக் கிடைக்கிற வரைக்கும்” என்றேன்.

“தனித் தட்டுலயா?” என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து, “உன்னைச் சொல்லலடா” என்றான்.

“ஊருக்குப் போய் என்ன பண்ணுவே?”

“தெரியல. இங்கயாவது தனிச் சட்டி உன் மச்சானுக்கு. அங்க அது எனக்கு. ஒண்ணு மட்டும்தான் பயமா இருக்கு. இத்தனை வருஷம் நிமிந்து நடந்துட்டேன். முதுகு திரும்ப வளையுமான்னு தெரியல. வளைஞ்சிருமோன்னும் பயமா இருக்கு.”

இதைக் கேட்டபின் எனக்கு வேறு எதுவும் பெரிதாகப் படவில்லை. அவன் ஏறப்போகிற அதே கப்பலில்தான் மச்சானும் திரும்புவதாக இருந்தார். ஊரில் இறங்கும்போது சின்னப்பன் யாராக இறங்கப்போகிறான் என்பதே என் கவலையாகிவிட்டது. கப்பல் இறங்கிய நாள் வருவதற்கு இன்னும் சில வாரம் இருந்தது. இந்த வருஷம் அதை முன்னாலேயே வைத்துக்கொள்வோம் என்று அவனைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றான். வராவிட்டால் துறைமுகத்துக்கு வழியனுப்ப வரமாட்டேன் என்று மிரட்டி, முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். வாக் சாலே அவனை இழுத்து வந்ததுதான் நினைவுக்கு வந்தது.

6

புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம். மச்சானும் கடைசித் தடவையாகச் சாப்பிட வந்திருந்தார். வேலை நாள் என்பதால் அவருடைய கூட்டாளிகள் ஒருவரும் வரவில்லை. உண்மையைச் சொன்னால் முதல் வாரத்து வேகம் அவர்களுக்கு ஏற்கெனவே வடிந்துவிட்டது. தெற்கு ஓரத்தில் அவரும் அவர் சட்டியும் மட்டும். எங்கள் பக்கத்தில் இரண்டு சீனர்கள், ஒரு பஞ்சாபி, சரக்குக் கொட்டகை மலாய்க்காரர்கள் மூன்று பேர், நான், சின்னப்பன். இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

முதலில் வாசனைதான் மாறியது. மணிலாக்கொட்டை கருகுகிற கசப்பு நெடி. மாக் மினா மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்து தெற்குச் சட்டியை எட்டிப் பார்த்தாள். அடியில் கரேலென்று பிடித்திருந்தது. எங்கள் சட்டியில் ஓயாமல் பத்து ஈர்க்கு உழன்றுகொண்டிருந்தது, அதனால் குழம்பு அடியில் தங்கவே இல்லை. அந்தச் சட்டியை அசைக்க ஆள் இல்லை.

மச்சான் விட்டுக்கொடுக்கவில்லை. “இதுவும் ஒரு ருசிதான்” என்று சொல்லி அந்தக் கரிக்குழம்பில் ஒன்றை முக்கி வாயில் போட்டுக்கொண்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பஞ்சாபிக்காரரே சிரித்துவிட்டார். மாக் மினா பேச்சை வளர்க்காமல் துணியால் சட்டியைப் பிடித்து இறக்கிக் கீழே வைத்துவிட்டாள்.

“ஆள் கொஞ்சம். கொழம்பு அப்படித்தான்லா” என்றாள்.

சுடச்சுட இரண்டு கை நிறைய ஈர்க்கை வைத்துக்கொண்டு, முக்குவதற்குச் சட்டி இல்லாமல் மச்சான் நின்றார். ஊரில் பஞ்சாயத்துப் பேசுகிற மனிதர். எனக்கே பாவமாக இருந்தது. சின்னப்பன்தான் முக்காலியோடு நகர்ந்து ஒரு ஆளுக்கு இடம் விட்டான். அவர் முகத்தைப் பார்க்காமலே நகர்ந்தான்.

மச்சான் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கடலுக்கு அப்பால் இருக்கிற ஊர் அந்தத் தெரு முனையில் வந்து நிற்கும் என்று பயந்தாரோ என்னவோ. பிறகு உட்கார்ந்தார். சட்டியின் விளிம்பில், குழம்பு படுகிறதா இல்லையா என்பதுபோல் ஒரு முக்கு. வாயில் போட்டார். அவ்வளவுதான், வாசனையும் ருசியும் அவரை இழுத்துவிட்டன. கடித்த ஈர்க்கு கையில் இருப்பதை மறந்து மறுபடி சட்டிக்கு நீட்டினார்.

பளீர்! மாக் மினாவின் செராய்த் தண்டு அவர் விரல் முட்டியில் இறங்கியது. அப்பாவின் கை அப்படியே மகளுக்கு வந்திருந்தது.

பலகையே குலுங்கச் சிரித்தோம். மச்சானும் வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தார். “பந்தாங் முடிஞ்சிருச்சா?” என்று மாக் மினா அவரைக் கேட்டாள். என்ன கேட்கிறாள் என்று மச்சான் என்னைப் பார்த்தார். விரதம் முடிந்ததா என்று கேட்கிறாள் என்றேன். அவர் குனிந்து புது ஈர்க்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் சின்னப்பன் வாயைத் திறந்தான்.

“மொதல்ல முக்கணும், அப்புறந்தான் கடிக்கணும், சாமி” என்றான்.

கேலியாகச் சொல்லவில்லை. பணிவாகச் சொன்னான். கால் நூற்றாண்டாக நான் கேட்காத சொல். ரவாங் காட்டில் விழுந்து மக்கிப்போனது என்று நினைத்திருந்தேன். அது இத்தனை நாள் அவன் நாக்குக்கு அடியிலேயே இருந்திருக்கிறது. எனக்கு அதற்குமேல் ஒரு துண்டு இறங்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் மச்சான், “மாப்ளே, இங்க நடந்தது இங்கயே இருக்கட்டும். ஊருல தெரிய வேண்டாம்” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ருசி மட்டும் ஊர் வரைக்கும் வருமே மச்சான், அதை என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

கருகிய சட்டியை மாக் மினா தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, இப்போது ஈர்க்கு ஊறவைக்க வைத்துக்கொண்டிருக்கிறாள்.

7

கிள்ளானைத் தாண்டினால் துறைமுகம். மூன்று பேரும் ஒரே ரயில் பெட்டியில் போனோம். மச்சான் ஜன்னல் பக்கம், நான் நடுவில், சின்னப்பன் என் மறுபக்கம். ரயில் கிள்ளான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது சின்னப்பன் கட்டைகளை எண்ணுகிறவன் மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் வேலை பார்த்த பாதை அல்ல அது. இருந்தாலும் கட்டை கட்டைதானே.

சின்னப்பனிடம் தோளில் ஒரு துணி மூட்டை. மச்சானிடம் பச்சை வர்ணம் அடித்த தகரப் பெட்டி, மூடியில் மயில் படம். ஊருக்கு வாங்கிய பீங்கான் தட்டுகள், குடை, துணிமணி என்று அடைத்ததில் கல் கனம் கனத்தது. துறைமுக வாசல் வரைக்கும் கூலியாள் சுமந்து வந்தான். வாசலுக்கு அப்பால் கூலியாளையும் விடமாட்டார்கள், வழியனுப்ப வந்தவர்களையும் விடமாட்டார்கள். சீட்டு வைத்திருப்பவர்கள் மட்டும்தான் போகலாம்.

வாசலில் சின்னப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “மினாகிட்ட சொல்லு” என்று மட்டும் சொன்னான். என்ன சொல்ல வேண்டும் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர்கள் உள்ளே போனதும் நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மச்சான் மூச்சிரைக்க இழுத்துக்கொண்டு போன அந்தப் பெட்டி, கப்பல் படிக்குச் சற்று முன்னால் தரையில் இருந்தது. மச்சான் அதன் பக்கத்தில் நின்று சின்னப்பனைப் பார்த்தார். வாய் அசையவில்லை. முகவாயை லேசாக ஒரு தடவை பெட்டியின் பக்கம் அசைத்தார். நம் ஊரில் அந்த அசைவுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

சின்னப்பன் மூட்டையை முதுகுக்குத் தள்ளிவிட்டுக் குனிந்தான். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து “டேய்!” என்று கத்தினேன். கப்பல் சங்கில் அது யாருக்கும் கேட்டிருக்காது.

குனிந்தவன் பெட்டியைத் தலைக்கு ஏற்றவில்லை. ஒரு பக்கத்துக் கைப்பிடியை மட்டும் பிடித்தான். பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். தூக்கவும் இல்லை, விடவும் இல்லை. பின்னால் வரிசை நெருக்கிற்று. யாரோ கத்தினார்கள். அவன் மச்சானிடம் ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை, ஆனாலும் தெரியும். ரவாங்கில் என்னிடம் நாள் முழுக்கச் சொன்ன வார்த்தைகள்தான் அவை.

மச்சான் திரும்பி வேலிப் பக்கம் என்னைத் தேடினார். பின்னால் நெருக்குகிற ஜனத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து மறு கைப்பிடியைப் பிடித்தார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தூக்கினார்கள். ஒரு முனை தாழாமல், ஒரு முனை உயராமல், அந்தப் பெட்டி படியேறிப் போனதை நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கட்டுரை உங்களுக்குக் கிடைப்பதற்குள் அந்தக் கப்பல் நாகப்பட்டினம் சேர்ந்திருக்கும். நீங்கள் யாராவது அன்றைக்குக் கரையில் நின்றிருக்கலாம். பச்சைத் தகரப் பெட்டி, மூடியில் மயில். அது இறங்கும்போது இரண்டு கைப்பிடியிலும் ஆள் இருந்தார்களா, இல்லை ஒருவன் தலையில் இருந்ததா? பார்த்தவர்கள் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள்.